கொழும்பில் இருந்துகொண்டு வன்னிக் குளங்களில் உள்ள சென்சர்களைப் பராமரிப்பது எப்படி?

வெள்ளவத்தையில் இரவு பஸ் ஏறி, விடியப்புறம் கிளிநொச்சியில் இறங்கி, ஓட்டோ பிடித்துக் குளக்கட்டுக்குப் போய், பெட்டியைத் திறந்து, கருகிப்போன ஒரு ஃபியூஸை மாற்றினேன். வேலை முடிய நான்கு நிமிடம். அன்றிரவே திரும்பவும் பஸ். முதல் வருடத்தில் இப்படி ஒன்பது தடவை போய்வந்தேன். அதில் இரண்டு பயணம் நியாயமானவை. மற்ற ஏழும் நான் முதலிலேயே யோசித்திருந்தால் தேவைப்பட்டிருக்காது.

எங்கள் வேலை இதுதான்: குளங்களின் நீர்மட்டத்தையும் மழையையும் அளக்கும் வயர்லெஸ் சென்சர்கள் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா என்று பரந்து கிடக்கின்றன. பார்ப்பவர்கள் கொழும்பில் இரண்டு பேர். நீங்கள் தேயிலைத் தோட்டத்துக்கோ இறால் பண்ணைக்கோ இதைச் செய்தாலும் பெரும்பாலானவை பொருந்தும். நான் லோராவான் வகையைத்தான் பாவிக்கிறேன்: சென்சர்கள் சின்னச் சின்னச் செய்திகளை ரேடியோவில் அனுப்பும், சில கிலோமீற்றருக்கு அப்பால் உள்ள கேட்வே அவற்றைப் பிடித்து 4ஜி வழியாகச் சேர்வருக்குத் தள்ளும்.

செலவைச் சென்சர் எண்ணிக்கையில் கணக்குப் பார்க்க வேண்டாம். எத்தனை தடவை பஸ் ஏற வேண்டிவரும் என்பதில் பாருங்கள். கீழே உள்ள ஒவ்வொரு படியும் ஒரு பயணத்தை மிச்சம் பிடிப்பதற்காகத்தான்.

1. ஓடர் கொடுக்க முதல் கடதாசி வேலை

சென்சரும் கேட்வேயும் ரேடியோ அலை விடும் கருவிகள். அவை 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புகள் சட்டத்துக்குள் வருகின்றன. பொறுப்பான இடம் கொழும்பு 8, எல்விட்டிகல மாவத்தையில் உள்ள இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு. "சின்னச் சாமான்தானே, பவரும் குறைவுதானே" என்று கூரியரில் வரவழைத்தால் கட்டுநாயக்காவில் நிற்கும். நிற்கிற ஒவ்வொரு நாளுக்கும் களஞ்சியக் கட்டணம் ஏறும். ஆகவே முதலில் அனுமதி, பிறகு ஓடர்.

கையில் தயாராக வைத்திருக்க வேண்டியவை: வியாபாரப் பதிவுச் சான்றிதழின் பிரதி, வரி இலக்கம், விற்பவரின் புரோஃபார்மா இன்வொய்ஸ் (பொருளை அனுப்ப முதல் தரும் விலைப்பட்டியல்), கருவியின் அலைவரிசையும் வலுவும் தெளிவாக எழுதப்பட்ட டேட்டாஷீட், ஆய்வுகூடச் சோதனை அறிக்கை, எதற்காகக் கொண்டுவருகிறீர்கள் என்று ஒரு பக்கக் கடிதம். இதில் நான் விழுந்த குழி மொடல் இலக்கம். இன்வொய்ஸில் ஒரு மாதிரி, டேட்டாஷீட்டில் கடைசி எழுத்து வேறு, பெட்டியின் ஸ்டிக்கரில் இன்னொன்று. மூன்றும் ஒரே கருவிதான், ஆனால் அதை நிரூபிக்கத் தயாரிப்பாளரிடம் கடிதம் வாங்கவே இரண்டு கிழமைக்கு மேல் போனது. இப்போது காசு அனுப்ப முதல் ஸ்டிக்கரின் படத்தை வட்ஸ்அப்பில் கேட்டு வாங்கி, மூன்றையும் எழுத்தெழுத்தாக ஒப்பிடுகிறேன்.

அலைவரிசையில் கவனம். ஆசிய நாடுகளுக்கான ஏஎஸ்923 வகையையே கேளுங்கள். அதன் அடிப்படைச் சனல்கள் 923.2, 923.4 மெகாஹேர்ட்ஸ். இணையக் கடைகளில் மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் அமெரிக்காவுக்கான 915 வகை. அதன் சென்சர்கள் 902 முதல் 915 வரை பேசும். எங்கள் நாட்டில் 890 முதல் 915 வரை கைத்தொலைபேசிகள் கோபுரத்தை நோக்கிப் பேசுகிற இடம். மலிவு என்று வாங்கி அங்கே போய்க் கத்தினால் அது வெறும் தொழில்நுட்பப் பிழையாக முடியாது, சட்டப் பிரச்சினை. எந்தச் சனல், எவ்வளவு வலு என்பதை ஆணைக்குழுவிடம் எழுத்தில் கேட்டு, பதிலைக் கோப்பில் போடுங்கள். வாய்ப்பேச்சு பிறகு உதவாது.

சிம் போடும் கேட்வேக்கு இன்னொரு சோதனை: அதன் ஐஎம்ஈஐ இலக்கம், அதாவது சிம் போடும் ஒவ்வொரு கருவிக்கும் உள்ள அடையாள எண். ஐஎம்ஈஐ என்று ஆங்கிலத்தில் அடித்து, இடைவெளி விட்டு, 15 இலக்கத்தையும் எழுதி 1909க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் பதிவில் இருக்கிறதா என்று தெரியும். புறக்கோட்டையிலோ பம்பலப்பிட்டியிலோ கடையில் ரவுட்டர் வாங்குவதென்றால் காசு கொடுக்க முதல் கடை வாசலிலேயே நின்று அனுப்பிப் பாருங்கள்.

விலைகள் டொலரில்: ஒரு சென்சர் வகையைப் பொறுத்து 30 முதல் 100 வரை, நல்ல நீர்மட்டச் சென்சர் அதற்கும் மேலே, வெளியில் வைக்கும் கேட்வே 200 முதல் 500 வரை. அதோடு கணக்கு முடிந்துவிடும் என்று வாடிக்கையாளருக்கு விலை சொல்லி நான் கையைச் சுட்டுக்கொண்டேன். 2024 ஜனவரியிலிருந்து வற் வரி 18 சதவீதம்; அது இன்வொய்ஸ் விலைக்கு மட்டும் இல்லை, விமானக் கூலி, காப்புறுதி, மற்ற வரிகள் எல்லாம் சேர்ந்த தொகைக்கு. கிளியரிங் ஏஜென்டின் கூலி வேறு.

பற்றறியும் ஒரு தடை. இந்தச் சென்சர்களில் வருவது லித்தியம் உலோக வகை. தனியாகப் பொதிசெய்து அனுப்பினால் பயணிகள் விமானத்தில் ஏற்றமாட்டார்கள். கருவிக்குள்ளேயே போட்டு அனுப்பச் சொல்லுங்கள். பொதியின் மேல் யூஎன்3091 அடையாளம் இருக்க வேண்டும்.

2. இடம் யாருடையது என்று கண்டுபிடியுங்கள்

குளம் என்றால் நீர்ப்பாசனத் திணைக்களம் என்றுதான் நானும் நினைத்தேன். 80 ஹெக்டேயருக்குக் குறைவாகப் பாயும் சின்னக் குளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் கீழ் வருகின்றன. அதைவிடப் பெரியவை நீர்ப்பாசனத் திணைக்களத்தின் கீழ். அதிலும் சில மாகாணத்துக்கு, சில மத்திக்கு. தவறான கந்தோரில் கடிதம் கொடுத்தால் "எங்களுடையது இல்லை" என்று ஒரு வரிப் பதில் வரவே ஒரு மாதம் போகலாம். முதலில் அந்த ஊர்க் கமநல சேவை நிலையத்துக்குத் தொலைபேசி எடுங்கள். குளத்தின் பெயரைச் சொன்னதும் யாருடையது என்று அவர்கள் சொல்லிவிடுவார்கள்.

கடிதத்தில் என்ன இருக்க வேண்டும்? இடத்தின் ஜிபிஎஸ் எண், கம்பத்தின் உயரம், கைத்தொலைபேசியில் எடுத்த படத்தின் மேல் கம்பம் வரும் இடத்தைச் சிவப்பில் குறித்தது, குளக்கட்டைத் தோண்டமாட்டோம் என்ற ஒரு வசனம். கடைசி வசனம் முக்கியம். கட்டில் குழி தோண்டுவதாக எழுதினால் எந்தப் பொறியியலாளரும் கையெழுத்து வைக்கமாட்டார், வைக்கவும் கூடாது. துருசுவின் (தண்ணீர் திறந்துவிடும் மதகின்) கொங்கிறீற் சுவரில் ஆணி அடித்து இறுக்கும் தாங்கியைக் காட்டினால் பிரச்சினை இல்லை.

கமக்காரர் அமைப்பின் தலைவரைக் கையெழுத்துக்காக மட்டும் பார்க்கப் போகாதீர்கள். சந்தித்து, இது தண்ணீரை மறிக்கும் பெட்டி இல்லை, அளக்கும் பெட்டி என்று விளங்கப்படுத்துங்கள். சிறுபோகத்தில் தண்ணீர்ப் பங்கீட்டுக்குச் சண்டை வரும் காலத்தில், விளங்காத பெட்டி எதுவும் குளத்தில் தப்பாது. விதானையாரிடமும் ஒரு பிரதி கொடுங்கள். பொலிஸ் வந்து கேட்டால் காட்ட இன்னொரு பிரதி பெட்டிக்குள்.

கேட்வேயை வைக்க உயரமான கட்டடம் தேவை. பாடசாலை, கூட்டுறவுச் சங்கம், கோயில் மணிக்கூட்டுக் கோபுரம் என்று போவோம். கோயிலென்றால் பரிபாலன சபையிடம் எழுத்தில் அனுமதி, மின்சாரத்துக்கு மாதாமாதம் ஒரு தொகை, தனிப் பிளக். தனிப் பிளக் என்று ஏன் சொல்கிறேன் என்றால், ஒரு கொடியேற்றத்தன்று சோடனைக்காரர் எங்கள் பிளக்கைக் கழற்றிவிட்டு வெளிச்சக்கூட்டுக்குக் கரண்ட் எடுத்துவிட்டார். பத்துநாள் திருவிழா. பத்து நாளும் எங்கள் திரையில் நீர்மட்டக் கிராப் வெறுமை.

3. சிம்: மலிவான இடத்தில் மிச்சம் பிடிக்காதீர்கள்

முற்கொடுப்பனவு சிம் வேண்டாம். டேட்டா பக்கேஜ் முடியும் நாள் எப்போதும் ஞாயிறாகத்தான் இருக்கும். கொம்பனியின் வியாபாரப் பதிவில் பிற்கொடுப்பனவு இணைப்பு எடுங்கள். தனிப்பட்ட அடையாள அட்டையில் எடுத்தால், அந்த ஆள் வேலையை விட்டுப் போகும்போது சிம்மும் போய்விடும்.

எவ்வளவு டேட்டா போகும்? 40 சென்சர்கள் 15 நிமிடத்துக்கு ஒரு தடவை பேசினால் ஒரு நாளைக்கு 3,840 செய்திகள். கேட்வே ஒவ்வொன்றையும் உறை போட்டு அனுப்பும்போது ஒரு கிலோபைட் என்று தாராளமாக வைத்தாலும் நாளுக்கு 4 எம்பிக்குள். "உயிரோடு இருக்கிறேன்" என்று கேட்வே சொல்லிக்கொண்டிருப்பது இன்னும் ஒரு எம்பி. மாதம் 150 எம்பி. ஒரு ஜீபி பக்கேஜ் தாராளம், ஒரு விடயத்தைத் தவிர: கேட்வேயின் லினக்ஸ் தானாகவே அப்டேட் இறக்கத் தொடங்கினால் ஒரே இரவில் அந்த ஜீபி காலி. தானியங்கி அப்டேட்டை நிறுத்தி, நீங்களே நாள் குறித்துச் செய்யுங்கள்.

எந்த வலையமைப்பு நல்லது என்று கொழும்பில் யாரிடமும் கேட்காதீர்கள். மூன்று சிம்மோடு அந்த இடத்துக்கே போய், கேட்வே வைக்கப்போகும் உயரத்தில் ஏறி நின்று பாருங்கள். நிலத்தில் ஒரு கோடு காட்டும் சிம் கூரையில் நான்கு கோடு காட்டும். சிலவேளை மறுவளமாகவும் நடக்கும். முடியுமானால் இரண்டு சிம் போடும் ரவுட்டர் வாங்கி, இரண்டு வேறு கொம்பனி சிம் போடுங்கள். நீண்ட மின்வெட்டில் கோபுரத்தின் பற்றறியும் இறங்கிவிடும். 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் வெட்டியதை யாரும் மறந்திருக்கமாட்டோம்.

4. உள்ளே நுழையும் வழி

கேட்வேயை வைத்துவிட்டு வந்து, கொழும்பிலிருந்து அதன் ஐபிக்கு நுழைய முயன்றேன். முடியவில்லை. சாதாரணச் சிம்முக்கு வெளியிலிருந்து தொடக்கூடிய ஐபி கிடையாது; ஆயிரக்கணக்கானோர் ஒரே பொது ஐபிக்குப் பின்னால் இருக்கிறார்கள். இதற்கு இரண்டு வழி. தொலைபேசிக் கொம்பனியிடம் தனி ஏபிஎன், அதாவது உங்கள் சிம்களுக்கு மட்டுமான தனி வலையமைப்பு வாசல், வாங்கலாம். மாதக் கட்டணமும் ஒப்பந்தமும் உண்டு, கேட்வே பல இருந்தால்தான் கட்டுப்படியாகும். இல்லாவிட்டால் கேட்வே தானே வெளியே வந்து உங்கள் சேர்வரோடு விபிஎன், அதாவது இணையத்துக்குள் ஒரு பூட்டிய தனிப் பாதை, போட வேண்டும். நான் அதற்கு வயர்கார்ட் என்ற மென்பொருளைப் பாவிக்கிறேன். 25 செக்கனுக்கு ஒரு தடவை தட்டச் சொல்லிவிட்டால் பாதை மூடாமல் இருக்கும்.

வயர்கார்ட்டில் இரண்டு பொறி. சேர்வரின் பெயரை அது தொடங்கும்போது ஒரு தடவைதான் ஐபியாக மாற்றும். சேர்வரின் ஐபியை மாற்றினால், கேட்வே பழைய விலாசத்தையே தட்டிக்கொண்டு நிற்கும். சில நிமிடத்துக்கு ஒரு முறை பெயரைத் திரும்பப் பார்க்கும் சின்ன ஸ்கிரிப்ட் ஒன்றைக் கட்டாயம் போடுங்கள்.

இரண்டாவது பொறியைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று இரவு போனது. கேட்வேக்குள் இருக்கும் ராஸ்பெரி பை 4 போன்ற சின்னக் கணினிப் பலகைகளில், கரண்ட் இல்லாதபோதும் ஓடும் மணிக்கூடு இல்லை. கரண்ட் போய் வந்தால் கடைசியாகச் சேமித்த பழைய நேரத்தில் எழும்பும். வயர்கார்ட்டோ பாதையைத் திறக்கச் சேர்வரோடு கைகுலுக்கும்போது நேரத்தையும் அனுப்பும். முன்பு வந்ததைவிடப் பழைய நேரம் வந்தால், யாரோ பழைய செய்தியைத் திருப்பி அனுப்புகிறார்கள் என்று சேர்வர் தூக்கி எறிந்துவிடும். நேரத்தைச் சரிசெய்யும் சேவையையும் நான் விபிஎன்னுக்குள்ளேயே விட்டிருந்தேன். நேரம் சரியானால்தான் பாதை திறக்கும், பாதை திறந்தால்தான் நேரம் சரியாகும். சேர்வர் பக்கத்தில் எந்தப் பிழையும் பதிவாகவில்லை, அதுதான் கொடுமை. நேரச் சேவையை விபிஎன்னுக்கு வெளியே விடுங்கள், அல்லது சில நூறு ரூபாவுக்குப் புறக்கோட்டையில் கிடைக்கும் மணிக்கூட்டுத் துண்டு ஒன்றைப் பலகையில் செருகுங்கள். நான் இரண்டையும் செய்கிறேன்.

சேர்வருக்கு சேர்ப்ஸ்டாக் என்ற லோராவான் மென்பொருள் இலவசம். ஒரு சின்ன மேகச் சேர்வரில் ஓடும். சிங்கப்பூரோ மும்பையோ, கிட்ட உள்ளதை எடுங்கள். லோராவானில் சென்சர் பேசி முடிந்து ஒரு செக்கனில் காதைத் திறக்கும். பதில் அதற்குள் சேர்வரிலிருந்து கேட்வேக்கு வந்திருக்க வேண்டும். மழைநாளில் 4ஜி திணறினால் வராது. அந்த இடைவெளியை சேர்வர் அமைப்பில் 5 செக்கனாக்கிவிடுங்கள். நிறுவ முதலே செய்ய வேண்டிய மாற்றம் இது.

5. திறப்புகள்

ஒவ்வொரு சென்சருக்கும் 64 பிட் அடையாள எண்ணும் 128 பிட் இரகசியத் திறப்பும் உண்டு. ஸ்டிக்கரில் இருப்பதை நம்பி வயலுக்குப் போகாதீர்கள். வெயிலில் ஒரு வருடத்தில் எழுத்து அழிந்துவிடும். ஒரு தாளில் அடையாள எண், திறப்பு, குளத்தின் பெயர், நிறுவிய திகதி, ஜிபிஎஸ். இரண்டு பிரதி, ஒன்று அலுவலகத்துக்கு வெளியே. சேர்வரில் "சென்சர் 17" என்று பெயர் வைக்காதீர்கள். ஆறு மாதம் கழித்து நள்ளிரவில் அலாரம் வரும்போது 17 எங்கே இருக்கிறது என்று யாருக்கும் நினைவிருக்காது.

6. வீட்டு மொட்டைமாடியில் இரண்டு கிழமை

எல்லாவற்றையும், உண்மையாகவே எல்லாவற்றையும், கொழும்பில் பூட்டி 14 நாள் ஓடவிடுங்கள். கரண்டை இழுத்து விடுங்கள். சிம்மைக் கழற்றுங்கள். சேர்வரை நிறுத்துங்கள். ஒவ்வொரு தடவையும் கை படாமல் தானாக எழும்புகிறதா? இல்லையென்றால் வன்னியிலும் எழும்பாது.

கேட்வேயின் எஸ்டி கார்ட் கெட்டுப்போவதுதான் அதிகம் நடக்கும் சாவு. கரண்ட் போகும் நேரத்தில் எழுதிக்கொண்டிருந்தால் கார்ட் குழம்பிவிடும். வாசிக்க மட்டும் திறந்த நிலையில் சிஸ்டத்தை ஓட்டுங்கள். தொங்கிப்போனால் தானே மீள எழுப்பும் வாட்ச்டோக்கையும் இயக்குங்கள்.

அன்டெனா இணைப்பிகளையும் இங்கேயே பூட்டிப் பாருங்கள். எஸ்எம்ஏ என்றும் ஆர்பி எஸ்எம்ஏ என்றும் இரண்டு உண்டு. மரை ஒரே மாதிரி, சுற்றினால் இறுகும், ஆனால் நடுவில் ஊசியும் துளையும் சந்திக்காது. எல்லாம் வடிவாகப் பூட்டினமாதிரித் தெரியும். சிக்னல் மட்டும் 200 மீற்றரைத் தாண்டாது. அன்டெனா இல்லாமல் கேட்வேக்குக் கரண்ட் கொடுக்கவே கூடாது, ரேடியோ எரிந்துபோகலாம்.

7. வயலில் நிறுவும் நாள்

பெரும்போகத்துக்கு முதல், ஓகஸ்ட் செப்டம்பரில் போங்கள். ஒக்டோபர் தாண்டினால் குளக்கட்டுப் பாதை சேறு.

கேட்வேயிலிருந்து குளம் தெரிந்தால் போதும் என்று நினைக்க வேண்டாம். 5 கிலோமீற்றர் தூரத்துக்கு, பாதையின் நடுவில் நேர்கோட்டைச் சுற்றி 20 மீற்றர் ஆரத்துக்கு ரேடியோவுக்கு இடம் தேவை. அதில் 60 சதவீதமாவது, அதாவது 12 மீற்றர், வெறுமையாக இருக்க வேண்டும். நடுவில் தென்னந்தோப்பு நின்றால் கோடையில் வேலைசெய்யும்; இலை நனைந்த மார்கழியில் சிக்னல் விழுந்துவிடும். தண்ணீர் அளக்க வேண்டிய காலமும் அதுதான். ஆகவே கோடையில் நிறுவும்போது சிக்னல் விளிம்பில் இருந்தால் "பரவாயில்லை" என்று வராதீர்கள். கம்பத்தை இன்னும் உயர்த்துங்கள்.

சோலார் கணக்கு: கேட்வே, ரவுட்டர் இரண்டும் சேர்ந்து 5 வோட் எடுத்தால் நாளுக்கு 120 வோட் மணி. 12 வோல்ற் 100 ஆம்பியர் மணி ஈய அமிலப் பற்றறியில் பாதியைத்தான் பாவிக்கலாம், 600. வெயிலே இல்லாமல் ஐந்து நாள் தாங்கும். கார்த்திகை மழையில் நல்ல வெயில் நாளுக்கு இரண்டு மணித்தியாலம் என்று வைத்தால் 60 வோட் தகடு காகிதத்தில் போதும். இழப்பு, தூசி எல்லாம் சேர்த்து நான் 150 போடுகிறேன். கோயில் கரண்டில் ஓடும் கேட்வேக்கும் பற்றறி வேண்டும். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுக்க இருட்டானபோது, பாணந்துறை உபமின் நிலையத்தில் பாய்ந்த ஒரு குரங்குதான் காரணம் என்று அமைச்சர் சொன்னார். வன்னிக் குரங்குகள் அவ்வளவு பெரிய வேலை செய்யாது. அன்டெனாவில் தொங்கும், சோலார் வயரைக் கடிக்கும். வயரை இரும்புக் குழாய்க்குள் விடுங்கள். யானை வரும் பாதையா என்று ஊராரிடம் கேளுங்கள். யானைக்கு முன்னால் இரும்புக் குழாய் ஒன்றும் செய்யாது, இடத்தை மாற்றுவதுதான் வழி.

மின்னல் தடுப்பியும் நிலக்கம்பியும் செலவு என்று விட்டுவிடாதீர்கள். இணைப்பிகள் எல்லாவற்றிலும் தன்னோடு தானே ஒட்டும் ரப்பர் டேப் சுற்றுங்கள். கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு வெயிலில் உரிந்துவிடும்.

ஒலியலை நீர்மட்டச் சென்சர் என்றால் இன்னொன்று. ஒரு குளம் எங்கள் கிராப்பில் பகலில் ஏறியது, இரவில் இறங்கியது. துருசைத் திறக்கும் ஐயாவைத் தொலைபேசியில் பிடித்து இரண்டு நாள் கேள்வி கேட்டேன். "தம்பி, ஆரும் திறக்கேல்லை. நான் இஞ்சைதான் நிக்கிறன்" என்றார், கொஞ்சம் கோபத்தோடு. பிழை அவரில் இல்லை. சூடான காற்றில் ஒலி வேகமாகப் போகும். 10 பாகை சூடு கூடினால் 4 மீற்றர் தூரத்தில் 7 சென்ரிமீற்றர் பிழை. வெப்பத் திருத்தம் உள்ள சென்சர்தானா என்று வாங்க முதல் பாருங்கள். சிலந்தி வலை கட்டினாலும் மட்டம் திடீரென்று உயர்ந்து அப்படியே நிற்கும். அந்த ஐயாவிடம் அடுத்த தடவை போனபோது மன்னிப்புக் கேட்டேன்.

8. எவ்வளவு அடிக்கடி, எவ்வளவு சத்தமாக

சென்சரை அடிக்கடி பேசவிட ஆசை வரும். குளம் நிமிடத்துக்கு நிமிடம் மாறாது. 15 நிமிடம் போதும், மழைக்காலத்தில் இடைவெளியைக் குறைக்கலாம். எஸ்எஃப் என்பது சென்சர் எவ்வளவு மெதுவாகப் பேசுகிறது என்ற அளவு; எண் கூடினால் தூரம் போகும், நேரமும் கூடும். 10 பைட் செய்தியை எஸ்எஃப்7 இல் அனுப்ப 60 மில்லிசெக்கன். எஸ்எஃப்12 இல் ஒன்றரைச் செக்கன், கிட்டத்தட்ட 24 மடங்கு. பற்றறியும் அந்த அளவில் கரையும். தூரத்துச் சென்சருக்கு எஸ்எஃப்பைக் கூட்டுவதைவிடக் கம்பத்தைக் கூட்டுவது மலிவு. செய்தியை 11 பைட்டுக்குள் அடக்குங்கள். ஒரு செய்திக்கு 400 மில்லிசெக்கன் என்று வரம்பு போட்டால் எஸ்எஃப்10 இல் அதற்கு மேல் போகாது.

ஒவ்வொரு செய்திக்கும் "கிடைத்தது" என்று பதில் கேட்கும் அமைப்பை நிறுத்துங்கள். கேட்வே பேசும்போது அதற்குக் காது கேட்காது. பதில் சொல்லிச் சொல்லியே மற்றச் சென்சர்களின் செய்தியைத் தவறவிடும்.

சென்சரின் பற்றறி வோல்ற்றேஜைப் பார்த்து ஏமாறாதீர்கள். இந்த லித்தியம் வகை 3.6 இலேயே நின்று, கடைசியில் ஒரேயடியாக விழும். இதுவரை எத்தனை செய்தி அனுப்பியது என்று எண்ணுங்கள்.

9. தூரத்திலிருந்து மாற்றம் செய்யும்போது

ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம், பாதுகாப்புக்காகக் கேட்வேயின் ஃபயர்வாலை இறுக்கினேன். இறுக்கி என்டர் தட்டியதும் திரை அப்படியே நின்றது. நான் இருந்த மரக்கொப்பை நானே வெட்டியிருந்தேன். சனிக்கிழமை காலை நான் எங்கே இருந்தேன் என்று சொல்லத் தேவையில்லை.

இப்போது ஒரு பழக்கம். வலையமைப்பில் எதையும் தொட முதல், 10 நிமிடத்தில் பழைய அமைப்பை மீட்டு ரீபூட் செய்யும் கட்டளையை முன்கூட்டியே போட்டுவிடுவேன். மாற்றியபின் புதிதாக உள்ளே நுழைய முடிந்தால் அந்தக் கட்டளையை இரத்துச் செய்வேன். முடியாவிட்டால் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு 10 நிமிடம் காத்திருப்பேன். வெள்ளிக்கிழமை மாற்றமே செய்வதில்லை. புதிய ஃபேர்ம்வெயர் என்றால் முதலில் மொட்டைமாடிக் கேட்வே, பிறகு போக இலகுவான ஒன்று, கடைசியாகத் தூரத்தில் உள்ளவை.

சென்சருக்குக் கட்டளை அனுப்புவது இன்னொரு பொறுமைச் சோதனை. அது தான் பேசியபின் மட்டுமே கேட்கும். 15 நிமிடத்துக்கு ஒரு முறை பேசும் சென்சருக்கு இப்போது அனுப்பிய கட்டளை 15 நிமிடம் வரிசையில் நிற்கும். வேலைசெய்யவில்லை என்று நினைத்து ஐந்து தடவை அழுத்தினால் ஐந்தும் வரிசையாகப் போகும். ஒரு தடவை அழுத்திவிட்டு வேறு வேலை பாருங்கள்.

சேர்வரின் பாதுகாப்புச் சான்றிதழ் இலவச வகையென்றால் 90 நாள். தானாகப் புதுப்பிக்கும், ஆனால் கேட்வேக்களின் செய்திகளை வாங்கும் எம்கியூடிடி சேவையைத் திரும்ப எழுப்பாவிட்டால் பழையதையே காட்டிக்கொண்டிருக்கும். 91ஆம் நாள் எல்லாக் கேட்வேயும் ஒன்றாக மௌனமாகும்.

10. எதற்கு அலாரம்

மட்டம் உயர்ந்தால் அலாரம் என்று எல்லோரும் போடுகிறார்கள். செய்தி வராததற்கு அலாரம் போடுங்கள். ஒரு செய்தி தவறுவது இயல்பு. நான் மூன்று தொடர்ந்து தவறினால்தான் எழுப்பச் சொல்லியிருக்கிறேன். ஒரு சென்சர் மௌனம் என்றால் பற்றறியோ சிலந்தியோ. ஒரு கேட்வேயின் கீழ் உள்ள எல்லாம் மௌனம் என்றால் கேட்வே. அப்போது 40 அலாரம் வரக்கூடாது, ஒன்றுதான் வர வேண்டும். இல்லாவிட்டால் இரண்டாம் மாதமே கைத்தொலைபேசியைச் சத்தமில்லாமல் வைத்துவிடுவீர்கள்.

நேரத்தைச் சேர்வரில் யூடிசியில் (உலகப் பொது நேரத்தில்) வைத்து, திரையில் மட்டும் ஐந்தரை மணித்தியாலம் கூட்டுங்கள்.

11. ஊரில் ஒரு ஆள்

இவ்வளவும் செய்தாலும் யாரோ ஒருவர் பெட்டியருகே போக வேண்டிய நாள் வரும். கேட்வே ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒருவரைப் பிடியுங்கள்: கடைக்காரர், கோயில் காவலாளி, துருசுக்காரர். உதவி என்று கேட்காமல் மாதாமாதம் காசு கொடுங்கள், தொலைபேசிக்கு ரீலோட்டும் போடுங்கள். ஒரு தடவை கொழும்பிலிருந்து போய்வரும் செலவை எழுதிப் பார்த்தால் அந்தக் காசு பெரிதாகத் தெரியாது.

அவரிடம் ஒரு பிளாஸ்டிக் டப்பா கொடுத்து வையுங்கள்: மூன்று ஃபியூஸ், ஒரு மாற்று சிம், குழப்பமில்லாத எஸ்டி கார்ட் ஒன்று, பெட்டியின் திறப்பு, சின்ன ஸ்குரூட்ரைவர். கூடவே ஒரு பக்கத் தாள், லமினேற் செய்தது. அதில் எழுத்தைக் குறையுங்கள். பெட்டியைத் திறந்து எடுத்த நான்கு படங்கள், எந்த லைற் எந்த நிறத்தில் எரிந்தால் என்ன செய்ய வேண்டும் என்று படத்துக்கு ஒரு வரி. பெட்டிக்குள் வைக்காமல் அவர் வீட்டுச் சுவரில் ஒட்டச் சொல்லுங்கள். பெட்டியைத் திறக்க முதல் அவர் அதைப் பார்க்க வேண்டும்.

போன மார்கழியில் இரவு ஒன்பது மணிக்குக் கேட்வே ஒன்று மௌனமானது. கோயில் காவலாளி அண்ணைக்கு எடுத்தேன். குடையும் டோர்ச்சுமாகப் போய், கொஞ்ச நேரத்தில் அவரே திரும்ப எடுத்தார்.

"தம்பி, மூண்டாம் படத்திலை இருக்கிறமாதிரித்தான் எரியுது. கீழை எழுதினதைச் செய்யவோ?"

"செய்யுங்கோ அண்ணை."

மூன்றாம் படத்தின் கீழே எழுதியிருப்பது ஃபியூஸ் மாற்றுவது. ஒன்பது இருபதுக்குக் கிராப்பில் புள்ளி விழுந்தது.